அக்டோபரில் விற்கும் வீடு

அக்டோபர் 4

மெல்பர்னுக்குக் கிழக்கே டான்டெனாங் மலைத்தொடரில் இது வீடு விற்கும் பருவம். பெல்கிரேவ், அப்வே, ஒலிண்டா, மான்பல்க் என்று எந்த ஊர் விளம்பரத்தை எடுத்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: நான்கு படுக்கையறை, மரப்பலகைத் திண்ணை, சரிவில் இறங்கினால் மரப்பெரணிகள் கவிந்த ஓடை, குழந்தைகள் ஓடியாட இடம். படங்களில் எங்கு பார்த்தாலும் பச்சை. இதில் பொய் எதுவும் இல்லை. வசந்தத்தில் அந்த மலை அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். அக்டோபரில் ஏலம் எடுத்தால், மீதிப் பணத்தைக் கட்டிச் சாவி வாங்க வழக்கமாக 60 அல்லது 90 நாள் ஆகும். குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும்போது டிசம்பர் முடிந்துகொண்டிருக்கும், அல்லது ஜனவரி பிறந்திருக்கும். விக்டோரியா மாநிலத்தின் பெருந்தீக்கள் மூளும் பருவமும் அதுவே: 1939 ஜனவரி 13, 1983 பிப்ரவரி 16, 2009 பிப்ரவரி 7. தோட்டக் குழாய் எங்கே இருக்கிறது என்று புதுக் குடித்தனக்காரர் தேடிக்கொண்டிருக்கிற வாரங்கள் அவை. அதனால்தான் சொல்கிறேன், தீ அபாயத்தின் அளவு விளம்பரத்திலேயே, படுக்கையறைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும்.

அக்டோபர் 9

சட்டம் ஏற்கெனவே சொல்லவைக்கிறதே என்பார்கள். உண்மைதான். 1962-ஆம் ஆண்டு நில விற்பனைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி விற்பவர் ஓர் அறிக்கை தர வேண்டும். நிலம் காட்டுத்தீ வாய்ப்புள்ள பகுதியில் இருந்தால் அதில் அதைக் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்த வரி நிலத்தைப் பற்றியது, வீட்டைப் பற்றியது அல்ல. 173 பேரைப் பலிகொண்ட 2009 தீயை விசாரித்த ராயல் கமிஷன் இதைவிட அதிகம் கேட்டது: வீடு எந்தத் தரத்தில் கட்டப்பட்டது, இன்றைய நிலையில் அது எவ்வளவு வெப்பத்தை எதிர்கொள்ள நேரும் என்ற மதிப்பீடும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த மதிப்பீட்டுக்கு ஆஸ்திரேலியக் கட்டுமானத் துறையில் பி.ஏ.எல். என்று பெயர், 12.5, 19, 29, 40 என்று ஏறும். ஒரு சதுர மீட்டர்மேல் எத்தனை கிலோவாட் வெப்பம் விழும் என்பதே அந்த எண். அதற்கும் மேலே, தீக்கொழுந்தே நேராக வந்து தொடும் நிலை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் இந்த எண்ணுக்கேற்ப ஜன்னல் கண்ணாடியும் கதவும் கூரையும் போட்டாக வேண்டும். 1970-களில் கட்டிய மரவீட்டை அப்படியே விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்மவர்கள் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. இந்த மலை வீடுகளின் பெரிய வில்லங்கம் பத்திரத்தில் தென்படாது, கூரை விளிம்பின் தகரக் கால்வாயில் கிடக்கும் காய்ந்த இலையில் இருக்கிறது.

அக்டோபர் 15

மலையில் வீடு வாங்குகிறவனுக்குத் தீ வரும் என்று தெரியாதா என்பது அடுத்த மறுப்பு. தீ வரும் என்று தெரியும்; எப்படி வரும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆள் உயரச் சுவராகத் தீ எழுந்து வந்து வீட்டை விழுங்குவதாகத்தான் மனம் கற்பனை செய்கிறது. நடப்பில் தீ முதலில் பொறியாக வருகிறது. நார்ப்பட்டைத் தைல மரங்களின் பட்டை பற்றிக்கொண்டு உரிந்து, காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறந்து, தீமுகம் வருவதற்கு முன்பே கூரைமேல் விழுகிறது. இலையிலிருக்கும் எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. உதகையில் தைலம் காய்ச்சும் மரமும் இந்த நாட்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் போனதுதான். நமக்குச் சளிக்கு மருந்தாகும் எண்ணெய் இங்கே கோடையில் எரிபொருள். காற்றோட்டத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை அடிக்கச் சொல்வது இந்தப் பொறிக்குத்தான். திண்ணைப் பலகைகளின் இடுக்கில் சிக்கும் ஒரு கைப்பிடிச் சருகு போதும். சரிவு இன்னொரு கணக்கு: மேட்டை நோக்கி ஏறும் தீ ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு வேகம் எடுக்கும். ஆக, விளம்பரம் மெச்சும் ‘பள்ளத்தாக்குக் காட்சி’தான் தீக்கு நேர்வழி. 1983-இல் கொக்கட்டூ ஊரில் ஏறத்தாழ 300 வீடுகள் போயின. அன்றிரவு, பெரும்பாலும் தாய்மார்களும் பிள்ளைகளுமாக, சுமார் 300 பேர் மெக்பிரைட் தெருவிலிருந்த பாலர் பள்ளிக்குள் ஒடுங்கியிருக்க, சிலர் கூரைமேல் ஏறி நின்று பொறிகளை அணைத்தார்கள். கட்டடம் தப்பியது, உள்ளே இருந்தவர்களும் தப்பினார்கள். பொறியை அணைக்க ஆள் இருந்தால் வீடு நிற்கும் என்பதற்கு இது சான்று. அதே நாளில் அருகிலுள்ள அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் 12 தொண்டர் தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அக்டோபர் 20

மரத்தை வெட்டிவிட்டால் போகிறது என்பவர்களுக்கும் சட்டம் வழிவிட்டிருக்கிறது. 2009-க்குப் பிறகு வந்த 10/30 விதிப்படி, அது செல்லுபடியாகும் இடங்களில், வீட்டைச் சுற்றி 10 மீட்டருக்குள் மரங்களையும் 30 மீட்டருக்குள் மரமல்லாத புதர்களையும் அனுமதியின்றி அகற்றலாம். பயன் உண்டு. ஆனால் பறந்து வரும் பொறிக்கு 10 மீட்டர் ஒரு தூரமே இல்லை. நிழலுக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு அந்த நிழலையே வெட்டச் சொல்லும் யோசனை இது என்பதும் எனக்கு உறுத்துகிறது. மரத்தின் ஆபத்து தீ மட்டும்தான் என்றும் இல்லை: 2021 ஜூன் புயலில் இந்த மலையில் ராட்சத மரங்கள் வேரோடு வீடுகள்மேல் சாய்ந்தன, பல தெருக்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

அக்டோபர் 26

வலுவான மறுப்பு விலையைப் பற்றியது. பி.ஏ.எல். எண்ணை விளம்பரத்தில் போட்டால் வீட்டு விலை சரியும், அந்த ஒரே சொத்தை நம்பியிருக்கும் முதியவர்தான் அடிபடுவார். இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் இழப்பு மறைத்தால் மறைந்துவிடுவதில்லை, விற்பவரிடமிருந்து வாங்குபவர் தலைக்கு மாறுகிறது. அதுவும் தவணைக் கடனோடு. எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டும்போது பழைய தரத்தில் கட்ட விடமாட்டார்கள், இன்றைய பி.ஏ.எல். தரத்துக்குத்தான் கட்ட வேண்டும். பழைய மதிப்பில் எடுத்த காப்பீடு அதற்குப் போதாமல் போய்க் கைப்பணம் வைத்தவர்கள் ஏராளம். மேலும், எண் வெளியே தெரிந்தால் கூரைக்கு வலையடித்து, தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்துப் பராமரித்தவரின் வீடு பக்கத்து வீட்டைவிட அதிக விலை போகும். இன்றைக்கு அந்த உழைப்புக்குச் சந்தையில் மதிப்பே கிடையாது. புதிதாக மெருகேற்றிய சமையலறைக்கு இருக்கிறது.

மலையில் யாருமே குடியிருக்கக் கூடாது என்பது என் வாதமல்ல. விலை தெரிந்து வாங்கட்டும் என்பதே. சட்டம் மாறும்வரை வாங்குபவர்தான் கேட்க வேண்டும். வீடு எந்த ஆண்டு, எந்தத் தரத்தில் கட்டியது என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்றைய பி.ஏ.எல். மதிப்பீட்டை உங்கள் செலவிலாவது எடுங்கள். அந்த எண்ணைச் சொல்லி, மறுகட்டுமானச் செலவுக்குக் காப்பீட்டு விலை கேளுங்கள். எல்லாவற்றையும் ஏலத்துக்கு முன்பே செய்யுங்கள். விக்டோரியாவில் தனி விற்பனையில் வாங்கியவருக்கு மனம் மாற மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு; ஏலத்தில் எடுத்தவருக்கு அது கிடையாது.