நூல் அறுந்தால் பிரேமை மாற்றுவதா?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது கல்யாணம் முடிப்பது மாதிரி. அதற்குப் பிறகுதான் சங்கதியே ஆரம்பம்!

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், அப்பாவின் மில் போனஸில் வாங்கிய பாகங்களைக் கொண்டு நானே பூட்டியது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான். ஏப்ரல் மாதம், ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருக்கையில் திரை அப்படியே உறைந்தது. மறுபடி போட்டால் இருபது நிமிடம், திரும்பவும் அதே கதை. ஒரு கடையில் காட்டினேன். "மதர்போர்டு போச்சு தம்பி, 4,500 ஆகும்" என்றார்கள், திறந்துகூடப் பார்க்காமல்!

அப்பா மில்லில் ரிங் பிரேம் பார்ப்பவர். கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கேட்டார்: "நூல் அடிக்கடி அறுந்தா பிரேமையா மாத்துறோம்? டிராவலர் தேஞ்சிருக்கா, பஞ்சு அடைச்சிருக்கான்னு ஒண்ணொண்ணாத்தானப்பா பாப்போம்?"

அதுவே எனக்கு வழி. ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன் தன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பையில் போட்டு பஸ் ஏறி வந்தான், கூடவே அரைக் கிலோ பால்கோவாவும்! ஒரு நோட்டில் எழுதினோம்: என்ன மாற்றினோம், எத்தனை நிமிடம் ஓடியது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாதே!

இரவெல்லாம் மெம்டெஸ்ட் ஓட்டினோம். ரேமில் பிழையில்லை. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் மத்தியானம் இருபது நிமிடம்தான், விடிகாலையிலோ ஒரு மணி நேரம். நோட்டைப் பார்த்த நண்பன் சொன்னான்: "மாப்ள, வெயில் ஏற ஏறப் படுக்குது. இது சூடுடா!"

பயாஸில் பார்த்தால் பிராசஸர் வெப்பம் 90 டிகிரி! ஹீட் சிங்க்கைக் கழற்றினோம். இடுக்கெல்லாம் பஞ்சு மெத்தை! பக்கத்து வீட்டில் பேண்டேஜ் துணித் தறி ஓடுகிறதே. பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிது வைத்தோம். செலவு 120 ரூபாய். ரிவ்யூவும் முடிந்தது, மிஞ்சிய பணம் தங்கையின் பீஸுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பனின் மாமா வீட்டுப் பழைய கம்ப்யூட்டர், சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆனது. அங்கே சூடு இல்லை. மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, தரமற்ற எலக்ட்ரோலைட் காரணமாக உலகெங்கும் பல போர்டுகளுக்கு வந்த வியாதி அது. அங்கே போர்டை மாற்றத்தான் வேண்டியிருந்தது!

ஆக, நோய்க்குறி ஒன்றுபோல இருந்தாலும் நோய் வேறு. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று வந்தால் பதறாதீர்கள். முறையாக மூடாமல் நின்றது என்று மட்டுமே அது சொல்லும், காரணம் சொல்லாது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும். ஒன்று மட்டும்: எஸ்.எம்.பி.எஸ். மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

நண்பர்களே, நாளை நாமும் சர்வீஸுக்குப் போவோம். யாரோ ஒருவரின் போனஸ் பணம் நம் வாய் வார்த்தையில் தொங்கும். ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் நோட்டை எடுங்கள்!