வளர்த்த கிளியைக் கொடுக்கும்போது காசு வாங்கலாமா?



ஆசையாக வளர்த்த கிளியை வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அதற்குக் காசு வாங்கலாமா? இல்லை, சும்மா கொடுப்பதுதான் தர்மமா?

"டாக்டருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. சில வீடுகளில் "கிளியைக் கொடுத்துடுங்க" என்று சொல்பவர்களே நாங்கள்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

பறவையின் இறகிலிருந்து உதிரும் தூளையும், காய்ந்த எச்சத்தின் தூசியையும் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வரும். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்று பெயர். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, உடம்பு இளைப்பது, இதெல்லாம் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு ஏறி இறுகிவிடும். அந்தத் தழும்பை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. பறவை அதே வீட்டில் இருக்கும்வரை மாத்திரையை மட்டும் நம்பியும் பயனில்லை.

எல்லோருக்கும் இது வராது. பதறிப்போய் இன்றைக்கே கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

என்னிடம் வந்த ஐயா ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மாதக்கணக்கில் இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்து, நுரையீரல் சிறப்பு மருத்துவரும் பார்த்த பிறகு காரணம் தெரிந்தது. வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ஆப்பிரிக்கன் கிரே கிளி. அவர் மனைவி வளர்த்தது. அந்த அம்மா இறந்த பிறகும் அவர் குரலிலேயே "என்னங்க, காபி" என்று கூப்பிடுமாம்.

அதைத்தான் கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

கூட வந்த மகன், "சார், இது நல்ல விலைக்குப் போகும்" என்றார். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளையை யாராவது விப்பாங்களாடா? கொடுத்தா சும்மாதான் கொடுப்பேன்."

"காசு கேளுங்க ஐயா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

"சும்மா கிடைச்சா மதிப்பு இருக்காது" என்று பலரும் சொல்வார்கள். அது என் காரணம் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நான் அந்த வாதத்தை நம்புவதும் இல்லை. இலவசமாக வாங்கிப்போன சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விடாமல் போடும் அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலையை இலவசமாகக் கொடுப்பதா, சிறு தொகை வாங்குவதா என்று ஜெசிகா கோஹென், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2010-ல் வெளியானது. இலவசமாக இருந்த வலைக்கு 0.60 டாலர் விலை வைத்ததும், வாங்கியவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் விழுந்தது. இலவசமாக வாங்கியவர்கள் அதைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கோ ஆதாரமே கிடைக்கவில்லை.

அப்புறம் கிளிக்கு மட்டும் ஏன் காசு?

கொசுவலையை வாங்குபவர் தனக்காக வாங்குகிறார். கிளியை வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பது நமக்குத் தெரியாது. ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், கக்காட்டூ போன்றவை சந்தையில் பல பத்தாயிரங்களுக்குக் கைமாறும் பறவைகள். அதை "இலவசம்" என்று நாலு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முதல் ஆளாக ஓடி வருபவர் யார்? மறுநாளே விற்கப்போகும் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் போடாமல் முழு லாபம் பார்க்கலாமே. இப்படிக் கை மாறி மாறிப் போகும் கிளி சாப்பாட்டை ஒதுக்கும், தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். நல்ல பராமரிப்பில் 40 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை அது.

நாம் கேட்கும் காசு அந்த லாபத்துக்குத்தான் தடை. அன்பை அளப்பதற்கு இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பல பத்தாயிரம் பெறும் பறவைக்கு "சும்மா ஒரு ஐந்நூறு ரூபாய்" வாங்குவதால் ஒன்றும் ஆகாது. தரகருக்கு அது பஸ் செலவு மாதிரி. அதே வகை, அதே வயதுப் பறவை கைமாறும் விலைக்குப் பக்கத்தில் சொன்னால்தான் அவர் விலகுவார். பட்ஜி, காக்கடீல் போன்ற விலை குறைந்த பறவைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். கூண்டோடு தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுங்கள்.

"அப்போ காசில்லாத நல்ல மனுஷங்க என்ன செய்வாங்க?" நியாயமான கேள்வி. கட்டணத்தின் பெரிய குறையே இதுதான். கொசுவலைக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். அதனால் முதலில் விளம்பரம் போடாதீர்கள். சொந்தக்காரர், பக்கத்து வீடு, அந்தக் கிளியை ஏற்கெனவே பார்த்த கால்நடை மருத்துவர் என்று தெரிந்த வட்டத்தில் கேளுங்கள். அங்கே நம்பிக்கையான ஆள் கிடைத்தால் ஒரு பைசா வாங்க வேண்டாம். முகம் தெரியாதவர்களிடம் போகும்போது மட்டும் விலையைச் சொல்லுங்கள். நேரில் பார்த்து, பேசி, மனசுக்குப் பிடித்த வீடு என்று உறுதியான பிறகு பாதியைக் குறைப்பதோ, வாங்கிய பணத்தைப் பெரிய கூண்டாகத் திருப்பிக் கொடுப்பதோ உங்கள் விருப்பம். அதை முன்கூட்டியே வெளியில் சொல்லாதீர்கள்.

அந்த ஐயா அப்படித்தான் செய்தார். முதலில் ஃபோன் பண்ணியவர் கிளியின் பேரைக் கேட்கவில்லையாம். "ஆணா பெண்ணா, டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றுதான் கேட்டிருக்கிறார். விலையைச் சொன்னதும் மறுபடி பேசவே இல்லை. பிறகு வந்த ஒரு தம்பதி மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்து கிளியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கே கொடுத்தார். சொன்ன விலையில் பாதிதான் வாங்கினாராம். மூச்சு வாங்குவது இப்போது குறைந்திருக்கிறது. வீடு ரொம்ப அமைதியா இருக்கு சார் என்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இனி, கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை.

1. உங்களிடம் இருப்பது நம்ம ஊர்ப் பச்சைக்கிளி என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. கிளி ஜோசியம் பார்த்தே வளர்ந்ததால் நமக்கு இது தப்பாகத் தெரிவதில்லை. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

2. ஆப்பிரிக்கன் கிரே சர்வதேச வணிகத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் 2017 ஜனவரி முதல் இருக்கிறது. இப்படிப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பறவைகளை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். "பதிவெல்லாம் எதுக்கு சார்?" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

3. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்கு சிட்டக்கோசிஸ் என்ற தொற்று வரலாம். காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் இருக்கும். டாக்சிசைக்ளின் மாத்திரைக்குக் கேட்கும். ஆனால் வீட்டில் கிளி இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் எங்களுக்கு அந்தச் சந்தேகமே வரும்.

4. வாங்குபவரிடம் கேளுங்கள்: வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் உண்டா? பகலில் ஆள் இருப்பார்களா? சமையலறைக்குப் பக்கத்திலா கூண்டை வைப்பீர்கள்? நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

5. "பாவம், பறந்து போகட்டும்" என்று திறந்துவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது.

காசு வாங்குவதால் யாரும் பிள்ளையை விற்றவர் ஆகிவிட மாட்டார். அதே நேரம், கேட்ட காசைக் கொடுத்தார் என்பதற்காக ஒருவர் நல்லவர் என்றும் முடிவு கட்டாதீர்கள். விலை தரகரைத்தான் தடுக்கும். நல்ல வீடா என்று நீங்கள்தான் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.