பாக்குக் கொடுத்த பேச்சு

வாகட் என்னும் ஊரை நம் அன்பர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. புனே மாநகரின் மேற்குப் புறத்தில், மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஹிஞ்சவடி கணினிப் பூங்காவின் வாயிலில் இருக்கிறது அவ்வூர். நம்மில் பலர் வாடகை கொடுப்பதும், பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுவதும், மாலை வேளையில் பூம்கர் சவுக்கில் வண்டி நகராமல் நின்று பெருமூச்சு விடுவதும் அங்கேதான். ஆனால் அடுக்கு மாடிகளுக்கு நடுவே பழைய வாகட் ஒன்று இன்றும் உயிரோடிருக்கிறது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை.

அந்தப் பழைய ஊரின் காவல் தெய்வம் மாதோபா. சைத்ர பௌர்ணமியன்று ஹிஞ்சவடியிலிருந்து வாகட் வரையில் 'பகாட்' என்னும் மரத்தேர் வருகிறது. நோன்பிருந்த ஒருவர் முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டு அதில் தொங்கி வருவார். நம் நாட்டுச் செடல் உற்சவத்தைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கண்ணாடிச் சுவர்களுடைய பெரிய அலுவலகங்கள் இருமருங்கும் நிற்க, அவற்றின் நடுவே மஞ்சள் பொடி பறக்க அத்தேர் செல்லும் காட்சியை நான் முதன் முதலில் கண்டபோது, நான் குடியிருப்பது கட்டடங்களில் மட்டுமன்று, ஓர் ஊரிலுங்கூட என்ற எண்ணம் உண்டாயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் அவ்வூரின் பழைய விவசாயிகளுள் ஒருவர். நிலம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. ஆயினும் திருவிழாப் பேச்சு வந்துவிட்டால் அவர் மறுபடியும் விவசாயியாகிவிடுவார். மராட்டிய நாட்டில் ஊர்த் திருவிழா என்றால் மல்யுத்தமும் தமாஷாவும் இருந்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. தமாஷா என்பது நாம் நினைப்பதுபோல் வேடிக்கை என்னும் பொருளுடையது மட்டுமன்று. அது இந்நாட்டு மக்களின் இசை நாடகம். சென்ற ஆண்டு குடிபாட்வாவுக்குச் சில நாட்கள் முன்பு அவர் என்னிடம், "அண்ணா, என் மைத்துனன் ஊர்க்காரர்கள் தமாஷா பேச நாராயண்காவுக்குப் போகிறார்கள். வண்டியில் இடமிருக்கிறது, வருகிறீர்களா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, மறுக்க மனம் வரவில்லை.

வாகட்டிலிருந்து நாராயண்காவ் சுமார் 70 கிலோமீட்டர். நாசிக் பாட்டாவில் திரும்பிப் போசரி, மோஷி வழியாகச் சென்று இந்திராயணி ஆற்றைக் கடக்க வேண்டும். சாக்கணில் தொழிற்சாலைகள், லாரிகளின் அணிவகுப்பு. பிறகு பீமா நதிக்கரையில் ராஜகுருநகர். பகத்சிங்குடன் 1931-இல் தூக்கு மேடை ஏறிய ராஜகுரு பிறந்த ஊர் ஆதலின், கேட் என்றிருந்த அவ்வூர் இப்பெயர் பெற்றது. மஞ்சர் தாண்டிய பின்னர் மலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மீனா நதிக்கரையில் இருப்பது நாராயண்காவ். தக்காளிச் சந்தைக்குப் பேர் போன ஊர் அது. அதற்கு அருகில், கோடத் என்னும் சிற்றூரில், விண்ணொலி கேட்கும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்டது. வானத்தின் ஒலியைக் கேட்க விஞ்ஞானிகள் வரும் வட்டாரத்துக்கே டோல்கியின் ஒலியை விலை பேசக் கிராமத்தார் வருகிறார்கள்.

சாலையோரத்தில் வரிசையாகக் கூடாரங்கள். 'ராஹுட்டி' என்பது அவற்றின் பெயர். ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு குழுவின் பெயர்ப் பலகை. அதில் நாயகியின் படம். உள்ளே மெத்தை, திண்டு, தண்ணீர்க் குடம், நாட்குறிப்பு ஒன்று. அந்த நாட்குறிப்புத்தான் குழுவின் உயிர். எந்த ஊர், எந்த இரவு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. பல ஊர்களின் திருவிழா ஒரே திதியில் வருவதனால், பௌர்ணமி இரவுக்குப் போட்டி மிகுதி, விலையும் மிகுதி. மற்ற நாட்களில் ஊரார் கை ஓங்கியிருக்கும். அன்று குழுவினர் கை ஓங்கியிருக்கும்.

இங்கே குழுவை 'பட்' என்கிறார்கள். பெரிய பட்கள் சொந்தக் கூடாரம், பல லாரிகள், நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு தசராவில் புறப்பட்டு ஊர் ஊராகச் சீட்டு விற்று ஆடுகின்றன. சிறிய பட்கள் திருவிழாப் பருவத்துக்காக மட்டும் கூடுபவை. அவற்றுக்கு உடைமை ஒரு லாரி, சில பெட்டிகள், ஒரு சமையற்காரர். நாங்கள் பேசப் போனது அத்தகைய சிறு குழு ஒன்றோடுதான்.

குழுவின் மேலாளர் ஐம்பது வயதுக்காரர். டோல்கி அடித்து அடித்து விரல்கள் காய்த்துப் போனவர். ஊரார் விலை பேசி முடித்ததும், சிறு தொகை ஒன்றை முன்பணமாக அவர் கையில் வைத்தார்கள். அதற்குச் 'சுபாரி' என்று பெயர். சுபாரி என்றால் பாக்கு அல்லவா? செய்தித்தாள் படிப்பவர்களுக்கு அச்சொல் கூலிக் கொலையை நினைவூட்டும். ஆனால் அதன் பழம்பொருள் நமக்கு நன்கு தெரிந்தது. நம் ஊரிலும் மேளக்காரரையும் கூத்தாடிகளையும் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துத்தானே அழைக்கிறோம்? பாக்குக் கைமாறிய பின்பு பேச்சு மாறலாகாது என்பது தெற்கிலும் வடக்கிலும் ஒன்றாகவே இருக்கிறது.

இவ்விரு நாடுகளுக்கும் உள்ள உறவு இத்தோடு நிற்பதில்லை. தமாஷாவின் உயிர் லாவணிப் பாட்டு. மராட்டிய மன்னர்கள் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1855 வரை தஞ்சையை ஆண்ட காலத்தில் அப்பாட்டு நம் நாட்டுக்கும் வந்தது. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு பிரிவாக இருந்து விடிய விடிய லாவணி பாடி வாதிட்டதைத் தஞ்சை வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாம் இங்கே பிழைக்க வருவதற்கு முன்பே இவர்கள் பாட்டு அங்கே பிழைக்கப் போயிருக்கிறது!

பேச்சு முடிந்து தேநீர் வந்தது. குழுவின் வாழ்க்கையைப் பற்றி மேலாளரைக் கேட்டேன். மாலையில் ஊர் சேர வேண்டும். லாரியின் பின்புறத்தில் திரை கட்டிப் பெண்கள் ஒப்பனை செய்துகொள்வார்கள். முதலில் கணபதி வணக்கம். பிறகு கண்ணனும் ஆய்ச்சியரும் வரும் கவளண். அதன் பிறகு லாவணி. இறுதியில் வக் என்னும் நாடகம். முன்பெல்லாம் விடியும் வரை ஆடுவது வழக்கம். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணி என்று எல்லை வந்த பின்பு பல ஊர்களில் நாடகம் பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் 'ஹஜேரி' என்னும் சிறு ஆட்டம் உண்டு. அதன் பின்னரே தூக்கம். அதுவும் பெரும்பாலும் ஓடும் லாரியில். குழந்தைகள் பாட்டிமாரிடம் வளருகின்றன.

பணக் கணக்கும் எளிதன்று. பருவத் தொடக்கத்தில் கலைஞர்களுக்கு 'உசல்' என்னும் முன்பணம் கொடுத்தாக வேண்டும். அதற்கு முதலாளி கடன் வாங்குகிறார். பருவம் நன்றாக நடந்தால் கடன் தீரும். இல்லையேல் வட்டி நிற்கும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாவினால் திருவிழாக்கள் நின்றன. "டோல்கியை உறையிலிருந்து எடுக்கவில்லை, அண்ணா. கூலி வேலைக்குப் போனோம்" என்றார் அவர். குரலில் குறையில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவே.

கூடாரத்தில் விட்டாபாயின் படம் ஒன்று மாலையுடன் தொங்கியது. விட்டாபாய் பாவு மாங் நாராயண்காவ்கர் என்பது அவ்வம்மையாரின் முழுப் பெயர். 1935-இல் பிறந்தவர்; 1957-இலும் 1990-இலும் குடியரசுத் தலைவரின் விருது பெற்றவர். நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது வலி கண்டு, திரைக்குப் பின்னே சென்று குழந்தையைப் பெற்று, மீண்டும் மேடைக்கு வந்தார் என்பது இந்நாட்டில் எல்லாரும் சொல்லும் வரலாறு. அத்தகைய கலைஞர் 2002-இல் வறுமையில் காலமானார். 2006 முதல் மாநில அரசு அவர் பெயரால் வாழ்நாள் சாதனை விருது வழங்குகிறது. அவர் பெயருக்கு இன்று கிடைக்கும் மதிப்பில் ஒரு பங்கு அவர் உயிரோடிருந்தபோது வைத்தியச் செலவுக்குக் கிடைத்திருக்கலாகாதா என்று எண்ணினேன்.

அப்போது மேலாளர் என்னைப் பார்த்து, "நீங்களும் உங்கள் நாட்டிலிருந்து ஆட்டக்காரரை அழைப்பதுண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்று பெருமையோடு தொடங்கினேன். முந்திய தை மாதத்தில், எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விழாவுக்கு, மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நையாண்டி மேளக் குழுவை வரவழைத்தோம். நாகசுரம் இருவர், தவில் இருவர், பம்பை, தமுக்கு, கரகம் ஆடும் பெண்கள் இருவர், கோமாளி ஒருவர். ஆக ஒன்பது பேர். ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வந்தார்கள். தவிலையும் பம்பையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்றே சொல்லலாம். தை மாதத்துப் புனேக் குளிர் அவர்களுக்குப் புதிது. தவிலின் தோலுக்கும் புதிது. அனுமதி வாங்குவதில் எங்கள் பக்கம் தாமதம். பேச்சாளர்களும் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். மேளம் தொடங்கியபோது மணி ஒன்பது. பத்துக்கு ஒலிபெருக்கி நின்றது. மூன்று மணி நேரத்துக்குப் பேசிய ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல என் நா எழவில்லை. ஆயினும் சொன்னேன். ஒரு மணி நேரந்தானே ஆடினார்கள் என்று பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். குறைத்தவன் வேறு யாருமல்லன், பொருளாளனாகிய நானே. குழுத் தலைவர் பணத்தை எண்ணிப் பார்த்தார். "ஐயா பார்த்துச் செய்ததுங்க" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். அதை இசைவு என்று அன்று எடுத்துக்கொண்டேன். அச்சொல்லுக்கு அது பொருளன்று என்பது தமிழனாகிய எனக்குத் தெரியாததா? தெரியாதது போல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் என் பேச்சை மராட்டியில் எடுத்துச் சொன்னார். மேலாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒன்பது பேரும் வந்தார்களா?" என்றார். வந்தார்கள் என்றேன். "ஒன்பது பேரும் ஒப்பனை செய்துகொண்டார்களா?" செய்துகொண்டார்கள் என்றேன். "பிறகு என்ன கணக்கு, அண்ணா? நாங்கள் விற்பது மணியையா? வருவதைத்தானே விற்கிறோம். பத்து மணிக்கு நிறுத்தினாலும் லாரிக்கு டீசல் பாதியாகுமா?" என்றார்.

திரும்பும் வழியில் எல்லாரும் நாடகத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசவில்லை. மோஷி அருகில் வண்டி நெரிசலில் நின்றபோது, அந்த ஒன்பது பேரும் ஊர் திரும்பிய ரயில் பயணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒன்பது பேருக்கு எத்தனை வேளைச் சாப்பாடு? குறைத்த தொகை அந்தச் சாப்பாட்டிலிருந்தோ, கரகக்காரப் பெண்களின் பங்கிலிருந்தோ போயிருக்கும். தலைவர் தம் பங்கிலிருந்து ஈடு செய்திருந்தால் அது அதைவிடக் கொடுமை.

மறுநாள் செயற்குழு அன்பர்களைக் கூட்டினேன். "முடிந்து போன கணக்கு" என்றார் ஒருவர். "நம் பிழைக்கு அவர்கள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?" என்றேன். இரண்டு நாள் விவாதத்துக்குப் பின்பு எல்லாரும் இசைந்தார்கள். பாக்கித் தொகையை அனுப்பினோம். கூடவே, இனிக் கலைஞரை அழைப்பதற்குச் சில விதிகளையும் எழுதிக்கொண்டோம். மற்றச் சங்கத்து அன்பர்களுக்கும் உதவலாம் என்று அவற்றை இங்கே தருகிறேன்.

ஒன்று: அனுமதி கையில் வந்த பிறகே முன்பணம் அனுப்புவது. இரண்டு: போகவர ரயில் சீட்டு நாமே எடுத்துக் கொடுப்பது. மூன்று: பெண்கள் உடை மாற்றக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை, வந்தவுடன் வெந்நீர், ஆட்டம் முடிந்ததும் சூடான சாப்பாடு. நான்கு: பேச்சாளர்களுக்கு முன்பாகவே ஆட்டம். ஐந்து: பேசிய தொகை முழுவதும் மேடையேறுவதற்கு முன்பே தலைவர் கையில். ஐந்தாவது விதியைப் பொருளாளன் மாற்றலாகாது என்பதை நானே சேர்த்தேன்.

வெளியூரில் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும், தவில் ஓசை வேண்டும் என்று ஏங்குகிறோம். அந்த ஓசை தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் தம் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, தவிலைச் சுமந்துகொண்டு வருவதனால் வருகிறது.

பணம் சேர்ந்த நான்காம் நாள் குழுத் தலைவரிடமிருந்து தொலைபேசி வந்தது. நன்றி என்று அவர் சொல்லவில்லை. "பணம் வந்துதுங்க ஐயா. அடுத்த பொங்கலுக்குக் கூப்பிடுறதா இருந்தா ஐப்பசியிலேயே சொல்லிடுங்க. தையிலே எங்களுக்கு நாள் கிடைக்கிறது கஷ்டம்" என்றார்.

ஐப்பசி முதல் தேதியன்றே பாக்குக்கான முன்பணத்தை அனுப்பிவிட்டோம்.