மரை போன காலிபர்

பிரேக்கில் ஏர் எடுக்கும்போது தம்பி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பான். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு, "அடி, அடி, அடி... பிடி" என்பேன். அவன் பிடித்ததும் பிளீடிங் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். குமிழியோடு ஆயில் டியூபில் ஓடும். மூடுவேன். மூடும் அந்தக் கடைசி நொடியில் ஸ்பேனர் வழியாக ஓர் இறுக்கம் கைக்கு வந்து சேரும். முப்பது வருஷமாக அதை எதிர்பார்த்தே பழகிய கை இது. அது வராமல் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே சுற்றினால், எத்தனை வண்டி பார்த்தவனுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். மரை போய்விட்டது.

போன மாதம் வந்த சிறு காருக்கு இருபது வயது இருக்கும். முன்பக்கம் வலது காலிபர். வேறெங்கோ யாரோ பழைய நிப்பிள் உடைந்ததும் கைக்குக் கிடைத்த ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். துளை 8 மில்லிமீட்டர், பிட்ச் 1.25. போட்டிருந்த நிப்பிளும் 8 மில்லிமீட்டர்தான், ஆனால் பிட்ச் 1. இரண்டு மூன்று சுற்று கையாலேயே போகும். அதற்குமேல் ஸ்பேனர் கேட்கும். ஸ்பேனர் போட்டால் எஃகு நிப்பிள் வார்ப்பிரும்பைச் சீவிக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். மரை கேஜை வைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. அந்த அரை நிமிஷத்தைச் செலவழிக்காததற்கு ஒரு காலிபர் விலை.

நிப்பிளைப் பற்றிப் பலர் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. ஆயிலை அடைத்து நிறுத்துவது மரை அல்ல. நிப்பிளின் நுனியில் ஒரு கூம்பு இருக்கிறது. காலிபர் துளையின் அடியில் அந்தக் கூம்பு போய் உட்கார ஒரு ஸீட் இருக்கிறது. இரண்டும் சுற்றிலும் ஒட்டி உட்காரும் இடத்தில்தான் ஆயில் நிற்கிறது. கூம்பை ஸீட்டில் அழுத்திப் பிடிப்பது மட்டுமே மரையின் வேலை. இது தெரியாமல்தான் கசியும் நிப்பிளுக்கு டெஃப்லான் டேப் சுற்றுகிறார்கள், எபாக்சி பூசுகிறார்கள். டேப்பின் நூலிழை பிய்ந்து ஆயில் போகும் துளைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று யாரும் நினைப்பதில்லை. எங்கள் பட்டறையில் பிரேக் வேலைக்கு டெஃப்லான் டேப்பைத் தொடக்கூடாது.

ஓங்கி மிதிக்கும்போது பிரேக் லைனில் 100 பார் அளவுக்கு அழுத்தம் ஏறலாம். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள கூம்பின்மேல் அந்த அழுத்தம் தள்ளுவது சுமார் 20 கிலோதான். அதே நிப்பிளை 10 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால், அதாவது பத்து சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் பத்து கிலோ அளவுக்கு இழுத்தால், மரை தாங்குவது பல நூறு கிலோ. மரையைக் கெடுப்பது பிரேக்கின் அழுத்தம் அல்ல, நம் கைதான். நீளமான ஸ்பேனரை நிப்பிளுக்குக் கொண்டுபோகாதே என்று தம்பியிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். "ஏனுங்க, புது காலிபரே போட்டுடலாமில்லீங்க?" என்றார். "கிடைச்சா அதைத்தானுங்க நானும் சொல்லுவேன்" என்றேன். கிடைக்கவில்லை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்த ஒன்றில் பிஸ்டன் ஓடும் சுவரே துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. அதை நம்புவதைவிட வாத்தியாரின் காலிபரையே சரிசெய்யலாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் முதலில் வெர்னியரை வைத்து நிப்பிள் இறங்கும் மேட்டின் தடிமனைப் பார்த்தேன். பெரிய துளை போட்டபின் சுற்றிலும் கனமான சுவர் மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் அந்தக் காலிபர் பழைய இரும்புக்குத்தான். அதில் தயவு காட்டக்கூடாது. இதில் தாராளமாக இடம் இருந்தது.

ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருளை ஸ்பார்க் பிளக் துளைக்கு நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். இங்கே எனக்கு மனம் ஒப்புவதில்லை. சுருளைப் போட்டதும் அதன் வாலை ஒடிக்க வேண்டும், ஒடிந்த துண்டு விழுவது நேராக ஸீட்டின் மேல். அதனால் 10 மில்லிமீட்டர், பிட்ச் 1 உள்ள பெரிய நிப்பிளுக்கு மாற்றினேன். பல ஐரோப்பிய வண்டிகளில் வரும் அளவுதான், புதிதாகவே வாங்கலாம்.

காலிபரைக் கழற்றி, வாயில் மரத்துண்டு வைத்து, காற்றைக் கொடுத்துப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். ரப்பர் ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. 9 மில்லிமீட்டர் டிரில்லை பில்லர் மெஷினில் போட்டு, இறங்க வேண்டிய ஆழத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்தேன். ஸீட்டைத் தொடுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். சாதாரண டிரில்லின் மூக்கு 118 டிகிரி. நிப்பிளின் கூம்பு அதைவிடக் கூர்மை. டிரில் ஸீட்டில் இறங்கிவிட்டால் கூம்பு உட்காருவதற்குச் சரிவு இருக்காது.

டேப் அடித்து மரை வெட்டுவதில் அவசரம் ஆகாது. முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று. வார்ப்பிரும்பு சுருளாக வராது, கறுப்புப் பொடியாக வரும். அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மெஷின் ஆயிலோ டீசலோ தொடுவதில்லை. அதன் மிச்சம் கொஞ்சம் தங்கினாலும் ரப்பர் ஸீல் ஊதிவிடும். நனைக்க பிரேக் ஆயிலே போதும்.

அடுத்தது ஸீட். கணபதி பகுதியில் லேத் வைத்திருக்கும் நண்பர் பல வருஷம் முன்பு எனக்காக ஒரு கட்டர் கடைந்து கொடுத்தார். உடம்பில் 10 மில்லிமீட்டர் மரை, நுனியில் நிப்பிளின் அதே கூம்பு, அதில் நான்கு வெட்டு. புது மரையிலேயே அதைத் திருகி இறக்குவதால் ஸீட் கோணாமல் நடுவில் விழும். கையால் மெல்லத் திருகி, ஒரு மயிரிழை சீவினால் போதும். பிறகு புது நிப்பிளின் கூம்பில் நீலச் சாயம் தடவி, திருகி, கழற்றிப் பார்த்தேன். முதல் தடவை வளையம் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. இன்னொரு கால் சுற்று. இப்போது முழு வட்டம். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஹோஸ் மாட்டும் துளையிலிருந்து காற்றை ஊதி, ஸ்பிரிட்டால் கழுவி, மறுபடி ஊதி, வெள்ளைத் துணியில் கறை விழாத வரைக்கும் செய்தேன். புது ஸீல், டாட் 4 ஆயில். நிப்பிள் மேலே பார்க்கும்படி காலிபரை மாட்டினேன். இடம் வலம் மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், ஏர் மேலேயே தங்கிக்கொள்ளும். நாள் முழுக்க அடித்தாலும் பெடல் நிற்காது.

இன்ஜினை ஓடவிட்டு, தம்பி முழுப் பலத்தோடு ஒரு நிமிஷம் பெடலைப் பிடித்தான். நிப்பிளைச் சுற்றி வெள்ளைக் காகிதம். காய்ந்தே இருந்தது. வண்டியை ராத்திரி பட்டறையிலேயே நிறுத்திவைத்து, காலையில் மறுபடி மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. ஆளில்லாத சாலையில் முதலில் மெதுவாக, பிறகு வேகத்தில் பிரேக் போட்டுப் பார்த்துத் திரும்பினேன்.

கடைசியாக ரப்பர் தொப்பி. அது தொலைந்தால் மழைத் தண்ணீர் நிப்பிளின் குழலுக்குள் இறங்கித் துருவாக்கும், அடுத்த முறை கழற்றும்போது குழல் முறுகி உடையும். இந்தக் காலிபரில் பழைய நிப்பிள் உடைந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். தம்பி தொப்பியை மாட்டிவிட்டு, நான் சொல்லாமலே மற்ற மூன்று சக்கரத்துக்கும் போய்க் குனிந்து பார்த்தான். பின்பக்கம் இடதில் தொப்பி இல்லை. அவன் போய் ஒன்றை எடுத்துவந்தான்.