ஐபு

பாடசாலை விடுமுறைக்குக் கிருலப்பனையில் ராத்தா வீட்டுக்குப் போனால், அக்கம்பக்கத்தார் பழைய காசு டின்களோடு வந்துவிடுவார்கள். டின்னுக்குள் ஒரு வளவே இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வருபவர்களைப் பெரும்பாலும் ஏமாற்றித்தான் அனுப்புகிறேன்.

காசில் கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளமாக இருந்தால் பின்னால் யாரோ கீறியது. மேடாக நின்றால்தான் அச்சு வெடித்த கோடு. உருக்கு அச்சு அடிபட்டு அடிபட்டு வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் செம்பு புகுந்து காசின் மேல் வரம்பு போல எழும்பும். அச்சின் விளிம்பில் ஒரு துண்டே கழன்றிருந்தால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திட்டு. ஒரே அச்சில் பிறந்த காசுகள் பல கிடைத்தால், கோடு நீண்டுபோவதை வைத்து எது மூத்தது, எது இளையது என்று அடுக்கியும் விடலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொழும்பிலேயே அடித்த தடித்த யானைக்காசுகளில் சிலவற்றில் பாதி யானைதான் விழுந்திருக்கும். அதைப் பிழைக்காசு என்று விலை கூட்டுவது வியாபாரியின் சாமர்த்தியம். அந்நாளைய வேலையே அப்படித்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் கால்வாயோரத்து வீட்டுப் பெண்மணி வந்தார். கணவர் மௌத்தாகி, இத்தா முடிந்து சில மாதங்கள். டின்னைக் கொட்டினேன். எல்லாம் தேய்ந்த சதங்கள், ஒன்றைத் தவிர. அதில் ஒரு பக்கம் விக்டோரியா இராணியின் தலை. மறுபக்கம் தாளிப்பனையும் இல்லை, ஆண்டும் இல்லை. அதே தலை இடம் வலம் மாறி உள்ளே குழிந்து கிடந்தது. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த செப்பு வில்லையில் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசின் முகம் பதிந்துவிடும். படத்தில் மட்டும் கண்டிருந்தேன்.

“அது பழுதாப்போன சல்லி மாஸ்டர். எல்லாத்துக்கும் ரெண்டாயிரம் தந்தாப் போதும்.”

கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

138ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். நபிகளார் (ஸல்) தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை வருடந்தோறும் வகுப்பில் சொல்பவன் நான். விற்பவன் ஐபை மறைக்கக்கூடாது. ஆனால் இங்கே ஐபுதான் விலை, மறைத்தவன் வாங்கியவன். வாங்குபவனுக்கும் அந்தக் கடமை உண்டா என்று ஊரில் கிதாபுகளைப் புரட்டினேன். இல்லை என்று எங்காவது இருக்காதா என்ற ஆசையில்தான் புரட்டினேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

அடுத்த விடுமுறையில் டின்னோடு போய்ச் சொன்னேன். இந்த ஒரு சதத்துக்கே நீங்கள் கேட்டதைவிடப் பல மடங்கு கிடைக்கும் என்றேன். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவரும் சொன்னார்தான், இத மட்டும் வித்துராதீங்க எண்டு. ஏனெண்டு சொல்லல்ல.” பிறகு, “அண்டைக்கே ஒங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?”

“தெரியும்.”

அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் தேநீர்க் கோப்பையோடு வந்தார். காசை எடுத்துக்கொண்டார். இரண்டாயிரம் செலவாகிவிட்டது, மாதம் ஐந்நூறாகத் தந்து முடிப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

“அப்ப அது ஸதகாவா?” என்று கேட்டார்.

அதன் பின் மாதாமாதம் ராத்தாவிடம் ஒரு கடித உறை வந்தது. நான்கு மாதம். நான்காவது உறையில் ஐந்நூறு ரூபாவோடு அந்தச் சதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த ஒரு தாளும் இருந்தது. இரண்டு பக்கமும் தலைதான்.