சொட்டாத கசிவு

நான் எழுதும் மதிப்புரைகளில் 'கசிவு' என்ற வார்த்தை அளவுக்கு மீறி வருகிறது என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். எண்ணியே வைத்திருந்தார். 'இக்கவிதை எங்கோ கசிகிறது' என்று எழுதிவிட்டு, எங்கே என்று காட்டாமல் நகர்ந்துவிடுவது விமர்சனமாகாது என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தையை எந்த ஆங்கில விமர்சகனிடமிருந்தும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. பி.ஏ. ஆங்கிலம் சேருவதற்கு முந்தைய கோடையில், 2005-ல், பொள்ளாச்சியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் கிடைத்தது அது. அதை விவரமாகச் சொல்லவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது, நண்பருக்கு மட்டுமல்ல.

அப்பா வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் அம்பாஸடர். அன்று டீசல் பெட்ரோலைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைவு. டீசல் விலை அரசின் பிடியிலிருந்து விடுபட்டது 2014 அக்டோபரில். அம்பாஸடர் உற்பத்தியும் அதே வருஷம் மே மாதத்தில் நின்றுபோயிற்று. இதெல்லாம் பின்னால். 2005-ல் ஸ்டாண்டில் பெட்ரோல் வண்டியாக மிஞ்சியிருந்தது எங்களுடையதுதான். அப்பா கடன் வாங்கி, உடைத்து விற்ற வேறொரு அம்பாஸடரிலிருந்து 1995 சிசி இஸுஸு டீசல் எஞ்சினை வாங்கினார்.

எஞ்சினைச் சங்கிலியில் கட்டித் தூக்கி இறக்குவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. குழாய் வேலையை யாரும் பார்க்கவில்லை. சிரமமெல்லாம் அதில்தான் இருந்தது.

காலண்டர் தாளைத் திருப்பி வைத்துப் படம் போடச் சொன்னார் அப்பா. நான் டேங்கிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கோடு இழுத்தேன். பெட்ரோல் வண்டியில் அவ்வளவுதான் இருந்தது: டேங்க், ஒரு குழாய், எஞ்சின் பக்கத்தில் பம்பு, கார்புரேட்டர். அப்பா தாளைப் பார்த்துவிட்டு, "போற வழி போட்டிருக்கே. வர்ற வழி எங்கே?" என்றார்.

டீசல் எஞ்சின் தனக்கு வேண்டியதைவிட அதிகமாக இழுக்கும். எரிக்கிற அளவு போக மீதி, பம்பைக் குளிர்வித்து, அதன் உறுப்புகளுக்கு எண்ணெயாகவும் இருந்துவிட்டு, இன்ஜெக்டர்களில் ஒழுகியதையும் சேர்த்துக்கொண்டு டேங்குக்குத் திரும்பவேண்டும். இரண்டாவது குழாய் அதற்கு. அது டேங்கில் நுழைய ஒரு துளை வேண்டும். பெட்ரோல் இருந்த டேங்கில் நெருப்பு வைக்க மெக்கானிக் மறுத்துவிட்டார். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் ஆளைக் கொல்லும். கழுவிவிட்டோம் என்று நம்பிப் பற்றவைத்தவர்களின் கதைகள் அவரிடம் இருந்தன. தம் முழங்கையில் ஒரு தழும்பும் இருந்தது. அளவு காட்டும் மிதவை பொருத்திய தகட்டை மட்டும் கழற்றி, டேங்குக்கு வெகுதூரத்தில் வைத்து, அதில் ஒரு சிறு குழாயைப் பித்தளை வைத்துப் பற்றவைத்தார். திரும்பி வரும் டீசல் நுரையோடு விழும் என்பதால், உறிஞ்சும் வாய்க்கு எட்டத்தில் அது விழும்படி வளைத்தார்.

பழைய குழாய் ஒல்லி. அதை எடுத்துவிட்டு எட்டு மில்லிமீட்டர் இரும்புக் குழாய் போட்டோம். சைலன்ஸர் குழாய் ஒரு பக்கம் போனால் இது மறுபக்கம். முழத்துக்கு ஒரு கிளிப். இல்லாவிட்டால் உதறலில் உரசி உரசித் தேயும். எஞ்சின் குலுங்கும், பாடி குலுங்காது. ஆகவே இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஹோஸ், கொஞ்சம் தொய்வு விட்டு. கிளிப்புகளெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிய பையன் முடுக்கியவை. அவனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. டீசல் ஃபில்டரைப் பொருத்தும் வேலையை, நான் கேட்டதால், என்னிடம் கொடுத்தார்கள்.

ஃபில்டரில் குழாய் சேரும் போல்ட்டுக்கு இருபுறமும் செப்பு வாஷர் உண்டு. செம்பு மெத்தென்று நசுங்கி இடுக்கை அடைக்கும். ஒரு முறை நசுங்கியது இறுகிவிடும். மறுபடி போடுவதானால் சிவக்கக் காய்ச்சி, நீரில் தோய்த்து இளக்கவேண்டும். நான் புது வாஷர் ஒன்றைக் கிரீஸ் மண்ணில் தவறவிட்டேன். கேட்கக் கூச்சம். பழைய எஞ்சினோடு வந்த வாஷரை எடுத்துத் துடைத்துப் போட்டு, பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். ஒரு துளி சொட்டவில்லை. திருப்தியாக இருந்தது.

முதல் வாடகை பழனிக்கு, ஒரு கல்யாணக் கோஷ்டி. உடுமலை ரோட்டில் வண்டி நின்றது. கைப்பம்பை அமுக்கி ஏர் எடுத்தால் கிளம்பும். கொஞ்சதூரம் போய் மறுபடி நிற்கும். கோஷ்டி பஸ் ஏறிவிட்டது. வாடகை போயிற்று. ஸ்டாண்டில் பெயரும் போயிற்று.

"ஏர் வாங்குதுங்க," என்றார் மெக்கானிக். கீழே படுத்துப் பார்த்தோம். எங்கும் ஈரமில்லை. அதுதான் விஷயம் என்று அவர் விளக்கினார். பம்பு முன்னால் இருந்துகொண்டு பின்னாலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் இடுக்கு இருந்தால், டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கார்புரேட்டரில் வந்து சேரும் குமிழி வெடித்துப் போய்விடும். இங்கே அப்படி இல்லை. நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் எழுந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். காற்று அமுங்கிக் கொடுத்துவிடும், அழுத்தம் எழாது.

பிறகு, கிளிப்பை ஒழுங்காக முடுக்கவில்லை என்று அந்தப் பையனை அறைந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாஷரின் நினைவு அந்தக் கணமே வந்துவிட்டது என்பதை இங்கே எழுதவேண்டும். வாயைத் திறக்கவில்லை.

கொத்தனார்கள் தண்ணீர் வைத்து மட்டம் பார்க்கும் ட்யூபில் ஒரு முழம் வெட்டி, ஃபில்டருக்கு முன்னால் பொருத்தி எஞ்சினை ஓட்டினார்கள். டீசல் தெளிவாகப் போயிற்று. ஃபில்டருக்குப் பின்னால் பொருத்தினார்கள். கடுகு கடுகாகக் குமிழிகள் போயின. பையனின் கிளிப்புகள் எல்லாம் முன்பக்கம்.

அப்பாதான் போல்ட்டைக் கழற்றினார். வாஷரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதில் பழைய நசுங்கல் தெரிந்தது. என்னைப் பார்த்தார். மெக்கானிக்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. "பையனுக்கு டீ வாங்கிக் குடு," என்று என்னிடம் காசு கொடுத்தார். வாங்கிக் கொடுத்தேன். அவன் குடித்தான். அவனிடமும் நான் சொல்லவில்லை.

வண்டி அதன் பிறகு ஒன்பது வருஷம் ஓடியது. என் கல்லூரிப் படிப்பு அதில்தான் நடந்தது.

நண்பருக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவே. சொட்டுகிற கவிதையைக் கண்டுபிடிக்க விமர்சகன் தேவையில்லை. தரை ஈரமாக இருக்கும். ஈரமே இல்லாமல், எல்லாம் பலமாக முடுக்கப்பட்டு, கொஞ்சதூரம் ஓடி நின்றுபோகிற கவிதைகள் இருக்கின்றன. அங்கே முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை ட்யூபைப் பொருத்திப் பார்க்கும் பொறுமை வேண்டும். பல மதிப்புரைகளில் அந்தப் பொறுமை எனக்கு இருக்கவில்லை. மெக்கானிக்கைப் போல, பக்கத்தில் நின்ற யாரையோ அறைந்திருக்கிறேன். சிலரிடம் பிற்பாடு ஒப்புக்கொண்டேன், சிலரிடம் இல்லை.

வார்த்தையை விடுவதாக இல்லை. இனி இடத்தைக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.