அறுபதாம் வாய்ப்பாடு

பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டோடு நிறுத்திவிட்டார்கள். வெளிநாடு போகிற பிள்ளைக்கு அறுபதாம் வாய்ப்பாடு வேண்டியிருக்கும் என்று எந்த வாத்தியாருக்குத் தோன்றியிருக்கும்? 2010-ஆம் ஆண்டு நான் பெர்லினில் மாணவனாகப் போய் இறங்கியபோது ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 60 ரூபாய். கடையில் எதைத் தொட்டாலும் மனசு பெருக்கிப் பார்த்துவிடும். காலிஃபிளவர் இரண்டு யூரோ. அதாவது நூற்றிருபது ரூபாய்! கை தானாகப் பின்வாங்கும். அப்பா நிலத்தை அடகு வைத்து என்னை அனுப்பியிருந்தார். கூடையில் ஒரு சாமான் விழும்போதெல்லாம் எங்கள் வயலில் ஒரு சாண் குறைந்தது போல இருக்கும்.

இந்த வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு பத்து நாள் உயிர் வாழலாம். அதற்குமேல் தலை சுற்றும். எனக்குச் சுற்றிற்று.

வேறு கணக்கைச் சொல்லித் தந்தவர் ஓர் இலங்கைத் தமிழர். சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை நான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "தம்பி, கிலோக் கிலோவாய் வாங்கினால் கட்டாது. நாலு பேராய்ச் சேர்ந்து பத்துக் கிலோ மூட்டையாய் எடுங்கோ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரூபாயில எண்ணுறதை விடுங்கோ. அப்படி எண்ணினால் ஒருநாளும் வயிறாரச் சாப்பிட மாட்டியள். மாசக் காசை நாலாய்ப் பிரிச்சு, கிழமைக்கு இவ்வளவு எண்டு வையுங்கோ" என்றார்.

பிரித்து வைத்தேன். கண் திறந்தது. பெரிய கடைகளில் விலை கூடின சரக்கு கண்ணுக்கு நேரே சிரிக்கும்; மலிவான அதே சரக்கு அடித்தட்டில் கிடக்கும். ஜெர்மன் மொழியில் 'பூக்வாரே' என்று ஒரு சொல் உண்டு: குனிந்து எடுக்கும் சரக்கு. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில், வேண்டியவர்களுக்காகக் கடைக்காரர் மேஜைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்த அரிய பொருளுக்கு அந்தப் பெயர். இப்போது அடித்தட்டுச் சாமானுக்கும் அதையே சொல்கிறார்கள். அன்று விற்றவன் குனிந்தான். இன்று வாங்குகிறவன் குனிகிறான். விலைச் சீட்டில் பெரிய எழுத்துக்குக் கீழே, கிலோவுக்கு என்ன விலை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஏழையின் வேதம் அந்தச் சின்ன எழுத்துத்தான்.

செவ்வாயும் வெள்ளியும் கால்வாய்க் கரையில், மைபாகுஃபர் என்ற இடத்தில், துருக்கியர் சந்தை. பொழுது சாய்ந்து கடை கட்டும் நேரத்தில் போனால் ஒரு பெட்டித் தக்காளி ஒரு யூரோ. ஒரு வங்காளி, ஒரு நேபாளி, ஓர் எத்தியோப்பியர், நான் - நால்வரும் கூட்டு. ஊர்ஜவுளிக் கடையின் மஞ்சள் பையில் அந்தத் தக்காளி குடியேறும். மூன்று நாளைக்கு ரசம். எத்தியோப்பியர் அதை மருந்து என்று நினைத்து மரியாதையோடு குடிப்பார்!

மாதக் கடைசியில் கைகொடுத்தது காலி பாட்டில். 2003 முதல் அங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு முன்பணம் வாங்குகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். ஒருநாள் மாலை பதினொரு பாட்டில்களோடு கிளம்பினேன். இரண்டே முக்கால் யூரோ. வார முடிவு வரைக்கும் காய்கறிக்கு அதுதான் முதல். ரயிலடியில் ஒரு மூதாட்டி, சுத்தமான மேல்கோட்டு, கையில் டார்ச் விளக்கு. குப்பைத் தொட்டிக்குள் ஒளி பாய்ச்சிப் பாட்டில் தேடிக்கொண்டிருந்தாள். உலகத்துக்கே மோட்டார் கார் விற்கிற நாடு!

கையில் கொடுத்தால் அவள் மனம் நோகும். அந்த ஊரில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிக்குள் போடாமல், பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போவார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது மூன்று பாட்டிலை வைத்துவிட்டு நடந்தேன். முக்கால் யூரோவை அன்று நான் அறுபதால் பெருக்கவில்லை.

படிப்பு முடிந்து, நிலத்தை மீட்க நான்கு வருஷம் ஆயிற்று. ஜெர்மனி போகும் மாணவன் வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்ட வேண்டும் என்று 2024-இல் உயர்த்தினார்கள். பயணம் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். மஞ்சள் பை இரண்டு எடுத்துக்கொள், குனியக் கூச்சப்படாதே, வாய்ப்பாட்டை விமானத்திலேயே விட்டுவிடு என்பேன். பாட்டில் விஷயத்தை நான் சொல்வதில்லை. அதை அந்த ஊரே சொல்லிக் கொடுக்கும்.